கட்டடத்துக்குக் கையெழுத்திடுபவர்களின் தொடர்கல்வி: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருமயம் பக்கங்களில் வீடு வரைந்து, அனுமதி வாங்கி, கட்டிக் கொடுக்கும் பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களின் சொற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

தொடர்கல்வி என்றால் மறுபடியும் காலேஜுக்குப் போகணுமா?

வேண்டியதில்லை. பட்டமோ டிப்ளமோவோ பெற்றுத் தொழிலில் இறங்கிய பிறகு, தொழிலுக்குத் தேவையான புதிய விதி, புதிய பொருள், புதிய கணக்கு முறை ஆகியவற்றை முறையாகக் கற்று, கற்றதற்கு ஒரு பதிவும் வைத்துக்கொள்வதையே தொடர்கல்வி என்கிறோம். ஒருநாள் பயிலரங்கு, பன்னிரண்டு வார இணைய வகுப்பு, ஆய்வகத்தில் நேரில் பெறும் பயிற்சி ஆகிய எல்லாம் இதில் சேரும். யூடியூபில் பார்த்த வீடியோவும் அறிவுதான் என்றாலும், பதிவு இல்லாததால் பிறரிடம் காட்ட அது உதவாது.

இது கட்டாயமா? படிக்காவிட்டால் ரெஜிஸ்ட்ரேஷனை ரத்து செய்துவிடுவார்களா?

தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கு அடிப்படையாக இருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர் என்று ஒவ்வொருவருக்கும் தகுதியையும் பொறுப்பையும் இவ்விதிகள் தனித்தனியே வகுத்திருக்கின்றன. அமெரிக்க மாநிலங்களில் இருப்பது போல, ‘இரண்டு ஆண்டுக்கு இத்தனை மணிநேரம் படித்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும்’ என்ற கணக்கு இங்கே வைக்கப்படவில்லை. பொறியாளர்களுக்கென்று நாடு முழுவதற்குமான உரிமச் சட்டமும் நடைமுறைக்கு வரவில்லை; கட்டடக் கலைஞர்களுக்கு மட்டும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

படிக்காததற்காக மட்டும் பதிவு போகாது என்று இதனால் நிம்மதி அடையலாம். ஆனால் அரசின் போக்கையும் கவனிக்க வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு தளம் கொண்ட வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி வழங்கப்படுகிறது. நம் பக்கத்தில் கட்டப்படும் புது வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அலுவலர் வந்து பார்த்துச் சொல்லும் திருத்தம் இல்லாமல் போகும் இடத்தில், வரைபடத்தைப் போட்டவரின் அறிவுதான் ஒரே காவல்.

இருபது வருஷமாக வீடு கட்டுகிறேன், ஒன்றும் விழவில்லை. எதற்காகப் படிக்க வேண்டும்?

நீங்கள் படித்த புத்தகம் இப்போது செல்லுபடியாகுமா என்பதை மட்டும் பாருங்கள். ஐ.எஸ். என்பவை இந்தியத் தரநிலைகள். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 கடைசியாக 2000இல் பதிப்பு மாறியது. அதற்கு முந்தைய 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்; எண் கூடினால் வலிமை கூடும்) போதும். இப்போது எம்20க்குக் கீழே போகக் கூடாது. கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262, 1982க்குப் பிறகு 2009இலும் 2019இலும் மாறியது. ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383, 2016இல் மாறியபோதுதான் எம்-சாண்டுக்கு அதில் முறையான இடம் கிடைத்தது. காற்று விசைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி 1987க்குப் பிறகு 2015இலும், இரும்புக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800, 1984க்குப் பிறகு 2007இலும் மாறின.

விதி மாறினால் களத்தில் என்ன மாறும் என்று கேட்பவர்களிடம் நான் தண்ணீரைக் காட்டுவது வழக்கம். ஐ.எஸ். 456இன் ஒன்பதாம் அட்டவணைப்படி, சாதாரண விகிதத்தில் எம்20 கலக்கும்போது 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர். களத்தில் கிடக்கும் 20 லிட்டர் பெயின்ட் வாளியால் சரியாக ஒன்றரை வாளி. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். நம் ஊர்க் களங்களில் மிக்சர் அருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்: இரண்டு வாளி போகும், சென்ட்ரிங் மேலே கொட்டுபவர் ‘கட்டியா இருக்கு’ என்று குரல் கொடுத்தால் இன்னும் அரை வாளி சேரும். ஒன்றும் விழவில்லை என்பது உண்மைதான். பத்து வருடத்தில் கம்பி துருப்பிடித்து, தளத்தின் அடிப்பகுதி பெயர்ந்து விழுந்த வீடுகளும் உண்மைதான்.

எதை முதலில் படிப்பது? வகுப்புகள் ஆயிரம் இருக்கின்றன.

எதற்குக் கையெழுத்திடுகிறீர்களோ அதைப் படியுங்கள். இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. கடந்த ஓராண்டில் உங்கள் கையெழுத்தோடு வெளியே போன தாள்களை எடுத்து மேசைமேல் பரப்பிப் பாருங்கள். வீட்டு வரைபடங்கள் மட்டும் இருந்தால் கட்டட விதிகளும் ஐ.எஸ். 456உம் முதலில். மண்டபமோ தகரக் கொட்டகையோ இருந்தால் காற்று விசையும் ஐ.எஸ். 800உம். தொண்டிப் பக்கம் வேலை எடுத்திருந்தால், கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டுக்கு எம்30உம் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும் என்ற பகுதி. காரைக்குடியில் போடும் எம்20ஐ அப்படியே கொண்டுபோய் அங்கே போட முடியாது. பெரிய பாலங்கள், உயர்மாடிக் கட்டடங்கள் பற்றிய வகுப்புகள் சுவையானவை. கையெழுத்திட வாய்ப்பில்லாதவர் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐ.எஸ். புத்தகங்கள் விலை அதிகமாச்சே?

இப்போது இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு இந்தியத் தரநிலைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பதிப்பின் ஆண்டையும், அதற்குப் பின் வந்த திருத்தத் தாள்களையும் சேர்த்து எடுக்கவும். நகல் கடையில் கிடைக்கும் பழைய ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக முடியாது. இங்கிருந்தே என்ன வழி?

ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் வீட்டிலிருந்தே படிப்பதற்கு ஏற்றவை. 4, 8, 12 வாரங்கள் என மூன்று அளவுகளில், ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். வகுப்பு இலவசம்; தேர்வு எழுத விரும்பினால் மட்டும் கட்டணம். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடு, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடு மதிப்பெண். நேரில் எழுதுவது தொல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு; அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு கிடைப்பதே அதனால்தான்.

காரைக்குடிக்காரர்கள் மறந்துவிடும் ஒன்று, நம் ஊரிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றிய ஆய்வில் நாட்டில் முன்னணியில் இருப்பது; உப்புக் காற்றில் சோதனை செய்ய, ராமேசுவரம் போகும் வழியில் உள்ள மண்டபம் என்ற ஊரிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. பயிற்சி அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கவும். 1952இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில் பயிலரங்கு நடக்கும்போது வெளியாரும் கலந்துகொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். சென்னைக்கு ஒருமுறை போக முடிந்தால், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தின் குறுகியகாலப் பயிற்சிகள் செலவுக்குத் தகுந்தவை.

சிமெண்ட் கம்பெனி நடத்தும் என்ஜினியர் மீட்டுக்குப் போனால் அது கணக்கில் வருமா?

பாதி வரும். முதல் அரைமணி நேரம் பொதுவான தொழில்நுட்பம் பேசுவார்கள், அடுத்த அரைமணி நேரம் அவர்களுடைய மூட்டையைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு பிரியாணி. முதல் பகுதிக்கு மட்டும் உங்கள் பதிவேட்டில் இடம் கொடுங்கள். இந்தக் கூட்டங்களால் வேறொரு நன்மை உண்டு. சில நிறுவனங்களின் தொழில்நுட்ப அலுவலர்கள் நடமாடும் ஆய்வகத்தோடு களத்துக்கே வந்து கியூப் (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கனசதுரம்) எடுத்துக் கொடுப்பார்கள். உணவைவிட அதைக் கேட்டு வாங்கவும்.

ஆச்சி வீட்டைப் பழுது பார்க்கக் கூப்பிடுகிறார்கள். பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் என்ன தப்பு? இதற்கும் படிப்பு இருக்கிறதா?

நம் பக்கத்துப் பொறியாளருக்கு மற்ற ஊர்ப் பொறியாளரைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டியது இது. கல்லூரியில் யாரும் சொல்லித் தராததும் இதுவே. பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தது. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளே வாங்கி, பூச்சின் வழியே வெளியே விடுவது அதன் இயல்பு. முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து இழைத்த அந்தப் பளபளப்பான பூச்சுக்குக்கூட ஈரத்தை விட்டுவிடும் குணம் உண்டு. அதன்மேல் 1:4 சிமெண்ட் (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்) பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. உப்பு பூத்து, பூச்சின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே, இதுவரை நன்றாக இருந்த பகுதி பொரியத் தொடங்குகிறது. மேலும் வலுவான சிமெண்ட் பூச்சு காய்ந்து சுருங்கும்போது, பின்னாலிருக்கும் மென்மையான சுண்ணாம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். முகப்பிலும் பட்டாலையிலும் இடுப்புயரத்துக்குச் சிமெண்ட் பூசப்பட்ட வீடுகளில் இதை யாரும் பார்க்கலாம்.

பழைய முறைகளுக்கும் தரநிலைகள் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சுண்ணாம்பின் வகைகளை ஐ.எஸ். 712 சொல்கிறது: ஏ வகை ஈரத்திலும் இறுகுவதால் கட்டுமானத்துக்கு, சி வகை மேற்பூச்சுக்கும் வெள்ளையடிப்பதற்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கு ஐ.எஸ். 2394 இருக்கிறது. தேக்கு உத்தரத்தின் மேல் கட்டைகள் பரப்பி, மெல்லிய செங்கல்லைச் சாய்வாகக் குத்தவைத்து, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதிக்கும் நம் மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கே ஐ.எஸ். 2119 என்று தனித் தரநிலை உண்டு. ஒழுகுகிறது என்றதும் அதன்மேல் நான்கு அங்குலக் கான்கிரீட்டைக் கொட்டி உத்தரத்தின் சுமையைக் கூட்டுபவர்கள், அந்தச் சில பக்கங்களைப் படித்துவிட்டுச் செய்தால் நன்றாக இருக்கும்.

பயிற்சிக்கு, சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கான தேசிய மையம் இருக்கிறது. மண், நிலைப்படுத்திய மண்கல் போன்றவற்றுக்கு ஆரோவில் மண் நிறுவனம் செயல்முறை வகுப்புகள் நடத்துகிறது. செட்டிநாட்டுக் கிராமத் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருப்பதாலும், வீடுகள் விடுதிகளாக மாறுவதாலும் இந்த வேலைக்கு இனி ஆள் தேடுவார்கள். ஆனால் எந்த வகுப்புக்கும் முன்னால், ஊரில் இன்னும் சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரோடு ஒரு சுவர் முடியும்வரை நில்லுங்கள். அதற்குச் சான்றிதழ் கிடைக்காது.

நம்ம ஊர் பூகம்பத்தில் ஜோன் இரண்டுதானே? அந்த வகுப்பெல்லாம் நமக்கு எதற்கு?

ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு வரைபடத்தில் நாம் இரண்டாம் மண்டலத்தில்தான் இருக்கிறோம்; கம்பி விவரங்களுக்கான ஐ.எஸ். 13920 இரண்டாம் மண்டலத்தில் கட்டாயமில்லை, விருப்பம் போல் பின்பற்றலாம். நிலநடுக்க விசையைக் கணக்கிடவே வேண்டாம் என்பது இதற்குப் பொருளாகாது. கீழே முழுக்கக் கார் நிறுத்தம் அல்லது கடை, மேலே சுவர்கள் நிறைந்த வீடு என்ற அமைப்பு செக்காலை ரோட்டுப் பக்கமும் பெருகிவிட்டது. தரைத்தளம் மட்டும் பலவீனமாக இருக்கும் இந்த அமைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்கவும். ஊரில் வீடு கட்டிக் கொடுத்த என்ஜினியரையே சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அழைத்துப் போய்க் கட்டச் சொல்லும் பழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அவை மூன்றாம் மண்டலம். நிலநடுக்க விசையைக் கணக்கிட உதவும் மண்டலக் காரணி 0.10இலிருந்து 0.16 ஆகிறது, ஐ.எஸ். 13920 கட்டாயமாகிறது. தூண் வளையத்தின் கொக்கியை 90 பாகையில் மடக்கிப் பழகிய கம்பி கட்டுபவரையும் உடன் அழைத்துப் போகிறீர்கள் என்றால், 135 பாகையில் மடக்க அவருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான் டிப்ளமோ. ஏ.எம்.ஐ.இ. எழுதினாலோ அஞ்சல் வழியில் பி.இ. படித்தாலோ தகுதி உயருமா?

பணம் கட்டுவதற்கு முன் விசாரிக்கவும். இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வைப் பட்டத்துக்கு இணையாக மத்திய அரசு ஏற்பது, 2013 மே 31ஆம் தேதிக்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதல் இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் செல்லாதவையாக்கியது. இன்றும் ‘ஒரே வருடத்தில் பி.இ.’ என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களுக்கு மறுமொழி அனுப்ப வேண்டாம். தமிழ்நாட்டின் சில அரசுப் பொறியியல் கல்லூரிகளில் வேலை செய்பவர்களுக்கான பகுதிநேர பி.இ. உண்டு, நேர்மையான வழி அதுவே. பட்டம் வேறு, தொடர்கல்வி வேறு என்பதையும் மறக்க வேண்டாம்: பின்னது உங்கள் பதிவின் வரம்பை உயர்த்தாது, அந்த வரம்புக்குள் நீங்கள் செய்யும் வேலையின் தரத்தை உயர்த்தும்.

பி.இ. சிவில் முடித்துவிட்டு ஆர்க்கிடெக்சர் டிசைன் கோர்ஸ் ஒன்று படித்தேன். போர்டில் ஆர்க்கிடெக்ட் என்று போடலாமா?

போடக் கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். அந்தப் பிரிவு பெயரைத்தான் காக்கிறது, தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்ததால், நீங்கள் வடிவமைப்பு வேலை செய்வதை அது தடுக்காது. எத்தனை வகுப்பு படித்தாலும் பெயர்ப்பலகையில் ‘பொறியாளர்’ என்றே இருக்கட்டும்.

எலெக்ட்ரிக்கல் லைசென்ஸ் வைத்திருக்கும் என் தம்பிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். அவருடைய சான்றிதழ் மின் உரிமம் வழங்கும் வாரியத்திலிருந்து வருவது. புதுப்பிக்கும் தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளவும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010க்குப் பிறகு 2023இல் புதிதாக வந்துள்ளன. அவர் முதலில் படிக்க வேண்டியது அதை.

சிங்கப்பூர், சவுதி, அமெரிக்கா போனால் இந்தச் சான்றிதழ்கள் செல்லுமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். சவுதியில் அந்நாட்டுப் பொறியாளர் கவுன்சிலின் அங்கீகாரமும், கத்தாரில் தகுதித் தேர்வும் கேட்கிறார்கள். அவற்றுக்குப் பட்டமும் அனுபவச் சான்றும்தான் முக்கியம், பயிலரங்குச் சான்றிதழ்கள் துணை மட்டுமே. அமெரிக்காவில் உரிமம் பெற்ற பிறகுதான் மணிக்கணக்கு தொடங்குகிறது. டெக்சாசில் ஆண்டுக்கு 15 மணி, அதில் ஒரு மணியாவது தொழில் நெறி பற்றி. நியூயார்க்கில் மூன்று ஆண்டுக்கு 36 மணி. புளோரிடாவில் பொறியாளருக்கு இரண்டு ஆண்டுக்கு 18 மணி, ஒப்பந்ததாரருக்கு 14 மணி. கலிபோர்னியாவில் பொறியாளருக்கு அப்படி ஒரு கட்டாயமே இல்லை. எல்லா இடமும் ஒன்று என்று நினைத்து, உறவினர் பையன் சொன்னதை வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

வகுப்பைப் பார்க்காமல் பணம் கட்டினாலே சான்றிதழ் தரும் தளங்கள் இருக்கின்றனவே, கோப்பில் வைக்க அது போதாதா?

கோப்புக்குப் போதும். ‘இந்தப் படிப்பில் என்ன சொன்னார்கள்?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் அந்தச் சான்றிதழே உங்களுக்கு எதிரான சாட்சியாகும்.

அப்படியானால் கோப்பில் என்னதான் வைக்க வேண்டும்?

ஒரு நோட்டு போதும். தேதி, நடத்தியவர், தலைப்பு, எத்தனை மணிநேரம் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதவும். அதற்குக் கீழே, இதைக் கற்றபின் என் வரைபடத்தில் அல்லது களத்தில் எதை மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதவும். ‘ஐ.எஸ். 10262 வகுப்பு, பள்ளத்தூர் வேலையில் கலவையை எடைபோட்டுக் கலந்தோம், கியூப் முடிவு இணைத்துள்ளேன்’ என்பது போல. எதையும் மாற்றவில்லை என்றால் அதையும் எழுதவும். அடுத்த ஆண்டு எந்த வகுப்புக்குப் போக வேண்டாம் என்பதை அந்த வரி சொல்லும்.

கடைசியாக ஒன்று, அண்ணே. அதிகம் படித்தால் பொறுப்பும் அதிகமாகுமே? ‘தெரிந்தும் செய்யவில்லை’ என்று என்மேல் கேஸ் போட்டால்?

இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில், கட்டமைப்புக் குறைக்கு ஐந்து ஆண்டுவரை கட்டுநர் பொறுப்பு. இப்படிப்பட்ட வழக்குகளில், அந்தத் தொழிலில் உள்ள நியாயமான திறமைசாலி ஒருவர் என்ன செய்திருப்பார் என்பதே பொதுவாக அளவுகோல். நடைமுறையில் இருக்கும் தரநிலை எனக்குத் தெரியாது என்று சொல்வது அங்கே தற்காப்பாகாது. அதைச் சொன்ன நிமிடமே வழக்கு பாதி தோற்றுவிடும். ஆகவே படிக்காமல் இருப்பதால் பொறுப்பு குறைவதில்லை.

உண்மையான சிக்கல், உங்களுக்குத் தெரிந்ததை வீட்டுக்காரர் ஏற்காதபோது வருகிறது. தூணைச் சிறிதாக்கு, கம்பியைக் குறை என்று அவர் சொன்னால், வாயால் மறுத்துவிட்டு வேலையைத் தொடராதீர்கள். எந்த விதிப்படி எது தேவை என்பதைக் கடிதமாகவோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி, மேலே சொன்ன கோப்பில் நகல் வைக்கவும். அப்படியும் மாறாவிட்டால், இந்தக் கட்டடத்துக்கான பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று அவருக்கும், அனுமதி வழங்கிய அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் அப்படித்தான். மொய்விருந்தில் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கும் என்பது தெரிந்தும் சொல்கிறேன்.